மூலைமட்டத்துக்குள் ஒரு தேற்றம்: கூரை அட்டவணை பொறித்த எஃகு மட்டம் பற்றி

மூலைமட்டம் என்றால் மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற எல் வடிவத் தகடு, அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு. நான் சொல்வது பெரிய வகை. நீளக்கை 24 இன்ச், அகலம் 2 இன்ச். குட்டைக்கை 16 இன்ச், அகலம் ஒன்றரை இன்ச். கைப்பிடி இல்லை, திருகு இல்லை, ஒரே எஃகுத் தகடு. கூரை போடுகிறவர்களுக்காகச் செய்தது. நீளக்கையின் முகத்தில் ஆறு வரி எண்கள் பொறித்திருக்கும். கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த எண்களைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த எண்களுக்காகத்தான் இதை வாங்க வேண்டும். செங்கோணம் பார்க்க மட்டும் என்றால் இதில் பாதி அளவுள்ள மட்டமே போதும்.

நான் மரக்கூரையும் படிக்கட்டும் செய்கிறவன். செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கம் தெரியும், மூன்றாவது தெரியாது. எங்கள் தொழிலில் விடிந்தால் அடைந்தால் இதே கணக்குத்தான். சுவர் உயரம் தெரியும், தள்ளி நிற்கும் தூரம் தெரியும், சாய்ந்து வரும் மரம் எவ்வளவு நீளம்? அல்லது மரம் கைவசம் இருக்கிறது, உயரம் தெரியும், அதன் கால் எங்கே வந்து நிற்கும்? என்னிடம் வேலை பழக வருகிற பையன்கள் எல்லாருமே பிதாகரஸ் தேற்றம் படித்தவர்கள்தான். இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் என்று தடங்கலில்லாமல் சொல்வார்கள். மரத்தை முன்னால் போட்டுவிட்டால், எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று கை நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கத்தை இந்த மட்டம் தீர்த்து வைக்கிறது. இது எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த அமைப்பு பல தயாரிப்புகளில் ஒன்றுபோலவே வருகிறது. எது வாங்கினாலும் நான் சொல்வது பொருந்தும்.

முதல் வரியிலிருந்து தொடங்குவோம். ஓர் அடி ஓட்டத்துக்குக் கைமரம், அதாவது முகட்டிலிருந்து சரிந்து வருகிற கூரை மரம், எவ்வளவு நீளம் என்பது அந்த வரி. ஓட்டம் என்பது படுக்கைவாட்டில் போகும் தூரம், ஏற்றம் என்பது செங்குத்தாக ஏறும் உயரம். நீளக்கையின் விளிம்பில் இருக்கிற இன்ச் குறிகளே இங்கே ஏற்றமாகின்றன. ஓர் அடிக்கு 6 இன்ச் ஏறுகிற கூரை என்றால் 6 என்ற குறிக்கு நேர் கீழே பார்க்க வேண்டும். அங்கே 13.42 என்று இருக்கும். ஓர் அடி ஓட்டத்துக்குச் சரிவில் 13.42 இன்ச் மரம் வேண்டும் என்று அர்த்தம்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் கேட்டான்.

"மேஸ்திரி, 13.42 எங்கேருந்து வந்துச்சு?"

"போன எடு. 12-ஐ 12-ஆல பெருக்கு."

"144."

"6-ஐ 6-ஆல?"

"36."

"கூட்டி மூலம் எடு."

180-க்கு மூலம் 13.416 என்று திரையில் வந்தது. போனையும் மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "அப்ப இந்த வரி முழுக்க அந்தத் தேற்றம்தானா?" என்றான். பிறகு யாரும் சொல்லாமலே ஒவ்வொரு குறியாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். 5-க்குக் கீழே 13, 9-க்குக் கீழே 15; இந்த இரண்டும் பின்னமே இல்லாமல் வருவதை அவனே கண்டுபிடித்துக் காட்டினான். 8-க்குக் கீழே 14.42, 12-க்குக் கீழே 16.97. தேற்றம் அவனுக்கு அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. பாடமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டிருப்பானா என்பது சந்தேகம்.

வேலையில் இது எப்படி உதவுகிறது என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். ஓட்டம் 10 அடி, ஏற்றம் 5 அடி. அடிக்கு 6 இன்ச். 13.42-ஐப் பத்தால் பெருக்கினால் 134.2 இன்ச், அதாவது 11 அடி 2 இன்ச்சுக்கு மேல் 0.2 இன்ச். ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒன்று என்பதால் 0.2 இன்ச் ஒன்றரை நூலுக்குச் சற்று அதிகம். ஆக 11 அடி 2 இன்ச் ஒன்றரை நூல். முழுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள்: 100-ம் 25-ம் கூட்டினால் 125, மூலம் எடுத்தால் 11.18 அடி, இன்ச்சில் 134.16. அட்டவணைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கால் நூலை ஒட்டித்தான் வருகிறது. ரம்பத்தின் வெட்டுத்தடமே அதைவிட அகலம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 13.42-ஐப் பார்த்ததும் அதை நூலுக்கு மாற்றிக்கொண்டு, 13 இன்ச் மூன்றரை நூல் என்று வைத்துப் பத்தால் பெருக்குகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் 134.375 வரும். உண்மையான நீளத்தைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் நூல் அதிகம். இரண்டு பக்கக் கைமரங்களும் முகட்டில் வந்து சேரும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தசமமாகவே பெருக்குங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை நூலுக்கு மாற்றுங்கள். சில மட்டங்களில் ஓர் இன்ச்சை நூறு பாகமாகப் பிரித்த சின்ன அளவுகோடு ஒன்று மூலைக்கு அருகில் பொறித்திருக்கும். கவராயத்தின் முனைகளை அதில் 42 பாகத்துக்கு விரித்து, அப்படியே மரத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளலாம். மாற்றவே வேண்டாம்.

முகட்டுப் பலகையின் கனத்தையும் மறந்துவிடக் கூடாது. பலகை ஒன்றரை இன்ச் கனம் என்றால் அதில் பாதி, ஆறு நூல், ஒவ்வொரு பக்கமும் கழிய வேண்டும். கழிப்பது படுக்கைவாட்டில், சரிவு வாட்டில் இல்லை. கைமரத்தின் தலையில் போட்ட மேல்வெட்டுக் கோட்டுக்குச் செங்கோணமாக ஆறு நூல் உள்ளே அளந்து இன்னொரு கோடு போட்டால் சரியாக வரும். இது மட்டத்தில் எழுதியிருக்காது.

இரண்டாவது வரிதான் என்னை இன்னும் வியக்க வைப்பது. நான்கு பக்கமும் சரியும் கூரையில் மூலையிலிருந்து முகட்டுக்கு ஏறுகிற மூலைக் கைமரம் ஒன்று இருக்கும் அல்லவா, அதன் நீளம். அந்த மரம் நேராகப் போவதில்லை, தரைப்படத்தில் மூலைவிட்டமாகப் போகிறது. சாதாரணக் கைமரம் 12 இன்ச் போகிற நேரத்தில் இது 12-க்கு 12 சதுரத்தின் மூலைவிட்டத்தைக் கடக்க வேண்டும். அது 16.97 இன்ச். அதற்கு மேல் ஏற்றம் தனி. தேற்றத்தை இரண்டு முறை போட வேண்டிய கணக்கு இது: முதலில் தரையில் கிடக்கிற முக்கோணம், பிறகு அந்தக் கர்ணத்தையே ஒரு பக்கமாக வைத்து எழுந்து நிற்கிற இன்னொரு முக்கோணம். பள்ளிக்கூடப் பாடத்தில் கனசெவ்வகத்தின் உள் மூலைவிட்டம் என்று வருவது இதுதான். வேலைத்தளத்தில் நின்றுகொண்டு இதைப் போட யாருக்கும் பொறுமை இருக்காது. மட்டத்தில் 6-க்குக் கீழே இரண்டாவது வரியைப் பார்த்தால் 18 என்று முழு எண்ணாக நிற்கும். 144, 144, 36, கூட்டினால் 324, 18-ன் வர்க்கம். அவ்வளவு பெரிய கணக்கு அவ்வளவு சுத்தமாக முடிவதைக் காட்டினால் பையன்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். 12 ஏற்றத்துக்கு 20.78.

மூலைக் கைமரத்துக்கு மட்டத்தை வைத்துக் கோடு போடும்போது 12-க்குப் பதில் 17-ல் பிடிக்கச் சொல்வது எல்லா மேஸ்திரிகளும் சொல்லித் தருகிற வழக்கம். அந்த 17 எங்கிருந்து வந்தது என்றால், இந்த 16.97-தான்.

மூன்றாவது, நான்காவது வரிகள் மூலைக் கைமரத்தில் வந்து முட்டுகிற குட்டைக் கைமரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு குறைய வேண்டும் என்பவை, 16 இன்ச் இடைவெளிக்கு ஒன்று, 24 இன்ச் இடைவெளிக்கு ஒன்று. கடைசி இரண்டு வரிகள் பக்கவாட்டுச் சாய்வெட்டுக்கு. அவற்றைப் பழக நாளாகும். முதல் இரண்டு வரி கைவந்தாலே இந்த மட்டத்துக்கான மதிப்பு வந்துவிடும்.

குட்டைக்கையில் இன்னொரு சின்ன அட்டவணை இருக்கிறது. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே சாய்வாகக் கொடுக்கிற முட்டுக்கட்டையின் நீளம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சின்ன எண்கள், பக்கத்தில் பெரிதாக ஓர் எண். 24, 24, பக்கத்தில் 33.94. தூணில் 24 இன்ச் கீழே, உத்திரத்தில் 24 இன்ச் தள்ளி என்றால் கட்டை 33.94. 30-30-க்கு 42.43, 36-36-க்கு 50.91. இந்த அட்டவணையில் இரண்டு பக்கமும் சமமில்லாத ஒரே ஒரு இடம் உண்டு: 18, 24, பக்கத்தில் 30. மூன்று, நான்கு, ஐந்தை ஆறு மடங்காக்கியது. மூலை பிடிக்க வேறெதுவும் கையில் இல்லாதபோது அந்த ஒரு வரியை மட்டும் வைத்தே தரையில் மூலை கட்டியிருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கர்ணம் தெரியாத கணக்கு. கர்ணம் தெரிந்து ஒரு பக்கம் தெரியாவிட்டால் என்ன செய்வது? அட்டவணையில் அதற்கு வரி இல்லை. இங்கேதான் மட்டத்தின் வடிவமே வேலை செய்கிறது. இதை எத்தனையோ பேர் பயன்படுத்துவதில்லை, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மட்டத்தைப் புரட்டிப் போடுங்கள். பின்பக்கத்தின் வெளி விளிம்புகளில் ஒவ்வொரு இன்ச்சும் எட்டாகவோ பதினாறாகவோ இல்லாமல் 12 பாகமாகப் பிரித்திருக்கும். ஓர் இன்ச்சை ஓர் அடியாக நினைத்துக்கொண்டால் ஒரு பாகம் சரியாக ஓர் இன்ச். வேலைத்தளம் முழுவதையும் உள்ளங்கையளவுக்குச் சுருக்கிப் பார்க்க அந்த ஒரு பிரிப்பு போதும்.

இப்போது 10 அடி நீளத்தில் ஒரு முட்டுமரம் இருக்கிறது. அதன் தலை சுவரில் 4 அடி உயரத்தில் உட்கார வேண்டும். கால் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வரும்? ஓர் எஃகு ஸ்கேலை எடுத்து அதன் பூஜ்யத்தைக் குட்டைக்கையின் வெளி விளிம்பில் 4-ல் வையுங்கள். அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஸ்கேலின் 10 இன்ச் குறி நீளக்கையின் வெளி விளிம்பைத் தொடும் வரை மெதுவாகச் சுழற்றுங்கள். தொடுகிற இடத்தில் 9 இன்ச்சும் இரண்டு பாகமும் இருக்கும். 9 அடி 2 இன்ச். போனில் போட்டுப் பாருங்கள்: 100-ல் 16 போக 84, மூலம் 9.165 அடி, இன்ச்சில் 109.98. 9 அடி 2 இன்ச் என்பது 110 இன்ச். ஒரு தகடும் ஒரு ஸ்கேலும் இவ்வளவு நெருங்கி வருகின்றன.

இதே கணக்கைக் காகிதத்தில் கொடுத்தால் புதிதாகப் படித்தவர்கள் கையோடு கூட்டிவிடுவார்கள். 100-ம் 16-ம் 116, மூலம் 10.77. சுவரிலிருந்து கால் தள்ளி இருக்கிற தூரம் மரத்தின் நீளத்தையே தாண்டிவிடுகிறது! காகிதத்தில் எழுதிய எண்ணுக்கு அது தப்பு என்று தெரியாது. மட்டத்தில் அப்படி ஒரு விடை வரவே வழியில்லை. ஸ்கேல் தானே கர்ணமாகக் கிடக்கிறது. செங்கோணத்துக்கு எதிரே கிடப்பது எது, அதை ஒட்டி நிற்பவை எவை என்று கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கூட்டலா கழித்தலா என்ற கேள்வியே எழுவதில்லை. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் ஒரு மட்டத்தை வகுப்புக்குக் கொண்டுபோய் இதை மட்டும் செய்து காட்டினால் போதும். எந்தப் பக்கம் காணவில்லையோ அதைக் கையால் சுழற்றிக் கண்டுபிடித்த பிறகு, சூத்திரம் எழுதும்போது கழித்தல் குறி தானாக விழும்.

ஒரு வரம்பு உண்டு. கர்ணமும் தெரிந்த பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் இந்த முறையை நம்ப வேண்டாம். கர்ணம் 13, ஒரு பக்கம் 12.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலின் நுனி நீளக்கையின் விளிம்பை வெட்டிக்கொண்டு போகாமல் உரசிக்கொண்டே போகும். தொடுகிற இடம் இதுதான் என்று சொல்ல முடியாது. கணக்கில் மூன்றாவது பக்கம் 1.61. தெரிந்த பக்கத்தை 12.95 என்று அளந்திருந்தால் அது 1.14 ஆகிவிடும். அரை நூலுக்கும் குறைவான அளவுப் பிசகு விடையைக் கிட்டத்தட்ட அரை இன்ச் நகர்த்திவிடுகிறது. இது மட்டத்தின் குறை இல்லை. போனில் போட்டாலும் இதே ஆட்டம்தான். மட்டத்தில் என்றால் ஆட்டம் கைக்குத் தெரிகிறது, போனில் எட்டு தசம இடத்தோடு உறுதியாக நிற்கிற மாதிரி தெரிகிறது. அதற்காகவே முதலில் மட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்பேன்.

தமிழில் ஒரு பழைய வாய்க்கணக்கு இருக்கிறது, பலருக்குத் தெரிந்திருக்கும். நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம். வர்க்கமும் மூலமும் இல்லாமல் கர்ணம் வருகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட இடமும் இருக்கிறது. 4-க்கும் 3-க்கும் போடுங்கள்: மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. 12-க்கும் 5-க்கும்: பத்தரையும் இரண்டரையும் 13. இரண்டும் அச்சு அசலாக வருகின்றன. இப்போது மட்டத்தின் முதல் வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற குறிகளுக்கும் போடுங்கள். 6 ஏற்றத்துக்கு 13.5 வரும், மட்டம் சொல்வது 13.42. 12 ஏற்றத்துக்கு 16.5 வரும், மட்டம் 16.97. ஓர் அடிக்கே கிட்டத்தட்ட அரை இன்ச் குறைவு. பத்தடிக்கு நாலரை இன்ச்சுக்கு மேல் கட்டையாகிவிடும். 2 ஏற்றத்தில்தான் அது அடியோடு கைவிடுகிறது: 11.5. ஓட்டமே 12 இருக்க, கர்ணம் அதைவிடச் சின்னதாக வருகிறது. ஏற்றம் ஓட்டத்தில் கால் பங்குக்குக் கீழே போனாலே இப்படித்தான் ஆகும். தள்ளுகிற எட்டில் ஒன்று, சேர்க்கிற பாதியைவிடப் பெரிதாகிவிடுகிறது. அந்த வாய்க்கணக்கை நான் மதிக்கிறேன். நடுத்தரச் சரிவுக்கு மரம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று வாயாலேயே மதிப்பிட அது போதும். வெட்டுவதற்குப் போதாது. வெட்ட மட்டத்தின் எண்தான்.

இவ்வளவும் நம்ப வேண்டுமானால் மட்டத்தின் மூலை உண்மையிலேயே செங்கோணமாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கினாலும் சோதியுங்கள், கீழே விழுந்தால் கட்டாயம் சோதியுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் குட்டைக்கையை ஒட்டவைத்து நீளக்கை ஓரமாக ஒரு கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கம் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிசகு; புரட்டியதால் அது இரட்டிப்பாகத் தெரிகிறது. கோடு போடக் கூர்மையான ஊசியோ கத்தி முனையோ வையுங்கள், பென்சில் கோட்டின் தடிமனே பிசகை மறைத்துவிடும்.

இன்னொரு வழி தேற்றமே. குட்டைக்கையில் 12, நீளக்கையில் 16, இரண்டுக்கும் நடுவே எஃகு ஸ்கேலை வைத்தால் 20 வர வேண்டும். 20-க்கு மேல் அரை நூல் வந்தால் மூலை ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு அளவு விரிந்திருக்கிறது என்று அர்த்தம். கேட்கச் சின்னதாக இருக்கும். அதை வைத்துப் பத்தடிக்குக் கயிறு பிடித்தால் கடைசியில் ஆறு நூல் விலகி நிற்கும். எஃகு மட்டமாக இருந்தால் இதைத் திருத்தவும் முடியும். மூலை விரிந்திருந்தால் வெளி மூலைக்கு அருகில் சென்டர் பஞ்ச் (உலோகத்தில் புள்ளி குத்துகிற கூர்முனைக் கருவி) வைத்து ஒரு தட்டு, குறுகியிருந்தால் உள் மூலைக்கு அருகில். தட்டிய இடத்தில் உலோகம் பரந்து கைகளை நகர்த்தும். மெதுவாகத் தட்டி, சோதித்து, மறுபடி தட்ட வேண்டும்.

எனக்கு இதில் போதவில்லை என்று தோன்றுபவையும் உண்டு. அட்டவணை முழு இன்ச் ஏற்றங்களுக்கு மட்டுமே. அடிக்கு ஆறரை இன்ச் ஏறுகிற கூரை வந்தால், 13.42-க்கும் 13.89-க்கும் நடுவே 13.655 என்று எடுக்கத் தோன்றும். உண்மை 13.647. பத்தடி ஓட்டத்துக்கு அரை நூலுக்குச் சற்று மேல் வித்தியாசம் வரும். சின்ன வேலைக்குப் பரவாயில்லை, பெரிய ஓட்டத்துக்குப் போனில் மூலம் எடுத்துவிடுங்கள். கூரை எத்தனை பாகைச் சாய்வு என்பது அட்டவணையில் இல்லை. வரைபடத்தில் பாகையாகக் கொடுத்திருந்தால் முதலில் அதை அடிக்கு இத்தனை இன்ச் ஏற்றம் என்று மாற்றிக்கொண்டுதான் மட்டத்துக்கு வர வேண்டும். எண்களும் பொடி. வெயிலில் எஃகு பளபளக்கும்போது 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. சாக்பீஸை அட்டவணை மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கி எண்கள் எழுந்து நிற்கும். நான் தினமும் செய்கிற வேலை அது.

அட்டவணையே பார்க்காமல் மட்டத்தை மரத்தின் மேல் எட்டெட்டாக, காலை எட்டி வைத்து நடப்பதுபோல, வைத்துக் கொண்டுபோகிற முறையும் இருக்கிறது. ஒரு கையில் 12, மறு கையில் 6 பிடித்து விளிம்பில் குறித்து, அதே முக்கோணத்தைப் பத்துத் தடவை நகர்த்தினால் பத்தடி ஓட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு எட்டும் 13.42-தான். பையன்களுக்கு வடிவொத்த முக்கோணம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் ஒவ்வோர் எட்டிலும் கால் நூல் தவறினால் பத்தாவது எட்டில் இரண்டரை நூல் போய்விடும். அதனால் நான் அட்டவணையில் நீளம் எடுத்து டேப்பில் அளந்துகொள்வேன், எட்டு வைப்பதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன். எட்டு வைப்பதே பிடிக்கும் என்பவர்கள் மட்டத்தின் விளிம்பில் திருகி மாட்டுகிற இரண்டு சின்னப் பித்தளைப் பிடிகளையும் சேர்த்து வாங்குங்கள். 12-லும் 6-லும் மாட்டிவிட்டால் கை நழுவாது. படிக்கட்டுச் சட்டம் வரையும்போது அந்தப் பிடிகள் இல்லாமல் நான் மட்டத்தைத் தொடுவதில்லை.

எஃகா அலுமினியமா என்று கேட்பார்கள். அலுமினியம் எடை குறைவு, துரு பிடிக்காது, கூரை மேல் ஏறி நின்று பிடிக்கச் சுகம். ஆனால் மென்மை; விளிம்பு கத்தியில் பட்டால் வெட்டு விழும், விழுந்தால் வளையும். எனக்கு எஃகுதான். வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும். எதுவானாலும் எண்கள் பொறித்ததாக இருக்கட்டும். மேலே அச்சடித்த எண்கள் மரத்தில் உரசி உரசித் தேய்ந்துபோகும், அட்டவணை போனால் மிச்சம் வெறும் தகடு. மில்லிமீட்டர் மட்டம் வாங்குகிறவர்கள் கூரை அட்டவணை இருக்கிறதா என்று முதலில் திருப்பிப் பாருங்கள், வெறும் அளவுகோடு மட்டும் போட்டு வருபவை நிறைய.

கடையில் நிற்கும்போதே மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம். முதல் வரியில் 5-க்குக் கீழே 13, 9-க்குக் கீழே 15. இரண்டாவது வரியில் 6-க்குக் கீழே 18. மூன்றும் சரியாக இருந்தால், கையில் டேப் ஒன்று வாங்கி 12-க்கும் 16-க்கும் நடுவே போட்டு 20 வருகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.